சாதி இல்லாத மணமகள்

திராட்சைக் கவாத்து முடிந்து ஓய்ந்திருந்த ஒரு மாலை, ஓடைப்பட்டியில் அத்தை வீட்டுத் தொலைக்காட்சியில் ‘பிரின்ஸ்’ ஓடிக்கொண்டிருந்தது. பள்ளி ஆசிரியர் அன்பு, உடன் வேலை பார்க்கும் ஆங்கில ஆசிரியை ஜெசிகாவைக் காதலிக்கிறான். அவள் பிரிட்டிஷ் பெண். வெற்றிலையை மடித்தபடி அத்தை சொன்னார்: “வெள்ளக்காரியக் கட்டுனா என்ன தாயி, ஊரே வந்து வேடிக்கை பாக்கும். கீழத்தெருவுல கட்டுனாத்தான வெட்டும் குத்தும்.”

எல்லோரும் சிரித்தோம். படம் சொல்லாமல் விட்டதை அத்தை இரண்டே வரியில் சொல்லிவிட்டார் என்பது சிரித்த பிறகுதான் உறைத்தது.

அனுதீப் இயக்கி 2022 தீபாவளிக்கு வந்த இந்தப் படத்தின் அடிப்படை நகைச்சுவை நல்ல நகைச்சுவைதான். சாதி, மதம் பார்க்காதே என்று மகனை வளர்த்த தந்தை, அவன் காதலிப்பது பிரிட்டிஷ்காரியை என்றதும் கொதிக்கிறார். அந்தத் தந்தை சத்யராஜ். 2007இல் பெரியாராகவே நடித்தவர் என்பதால் சிரிப்பு கூடுகிறது. ஆனால் இந்தச் சிரிப்புக்காக, சாதி என்பது அந்த வீட்டில் முன்பே தீர்ந்துபோன கணக்காகிவிடுகிறது. மிச்சமிருப்பது நாடு மட்டும். ஜெசிகாவுக்குத் தெரு இல்லை, அரிவாளோடு வரும் பங்காளி இல்லை. அவள் பாதுகாப்பான மருமகள். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்ட மாநிலத்தில்தான் நாம் இதைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் வெள்ளையர் மீது பகை என்பதே எடுபடாது. 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக்கின் படம் இங்கே வீடுகளில் மாட்டியிருக்கிறது. அவர் பிறந்த ஜனவரி 15 அன்று பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டுகிறார்கள். கடல் கடந்து வந்த ஒருவரைக் குலசாமிபோல் ஏற்கத் தெரிந்த ஊர்களுக்கு, அடுத்த தெருவை ஏற்கத் தெரியவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ‘மதராசபட்டினம்’ (2010) படத்திலும் சரி, இதிலும் சரி, தமிழன் ஆண், வெள்ளையர் பெண். உள்ளே வரும் பெண் குடும்பத்துக்குப் பெருமை. புடவை கட்டித் தமிழ் பேசினால் போதும். வெளியே போகும் மகளோ குடும்ப மானத்தைச் சுமந்து போகிறவள். இவ்வூர்ப் பெண் ஒருத்தி வெள்ளைக்காரனைக் கூட்டிவந்தால், அதே அப்பா இதே காமெடி செய்வாரா?

சட்டமும் காமெடி செய்வதில்லை. 1967இல் சுயமரியாதைத் திருமணத்துக்குக் கிடைத்த சட்ட ஏற்பு, இருவரும் இந்துவாக இருந்தால் மட்டுமே செல்லும். மற்றவர்களுக்கு 1954இன் சிறப்புத் திருமணச் சட்டம்: அறிவிப்புக் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். அந்த அறிவிப்பு அலுவலகத்தில் எல்லோர் பார்வைக்கும் ஒட்டப்படும். ஜெசிகாவுக்கு அது வெறும் காகிதம். வேறு மதத்தவனை மணக்க வீட்டைவிட்டு வந்த பெண்ணுக்கு, தேடி வருகிறவர்களுக்கு அவள் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும் தாள்.

வகுப்பில் மாணவிகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். இதே கதை, இதே நகைச்சுவை. நாயகியை மட்டும் உங்கள் ஊர்க் கீழத்தெருப் பெண்ணாக மாற்றி எழுதுங்கள். ஒருத்தி மூன்றாம் காட்சியிலேயே பேனாவை மூடிவிட்டாள். “இதுக்கு மேல எழுதுனா எங்க வீட்டுக் கதை ஆயிரும், மேம்” என்றாள்.

‘பிரின்ஸ்’ பார்த்துச் சிரிப்பதில் தவறில்லை. ஆனால் நமக்குத் தேவையான காதல் நகைச்சுவை, அவள் நிறுத்திய இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.