சோதிக்காத செங்கல்

ஐஜெம் போட்டியைப் பற்றிக் குறை சொன்னால் ஒரே பதில்தான் வருகிறது: “அது மாணவர்கள் கற்றுக்கொள்ளும் இடம், ஆராய்ச்சிக்கான அளவுகோலால் அளக்கலாமா?” அளக்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. கற்கும் காலத்தில் படிந்த பழக்கம்தான் பிறகு ஆய்வகத்திலும் தொடர்கிறது.

2004இல் எம்ஐடியில் 5 அணிகளோடு தொடங்கிய செயற்கை உயிரியல் போட்டி இது. இன்று உலகெங்குமிருந்து நூற்றுக்கணக்கான அணிகள் வருகின்றன. இளநிலை மாணவர் கையில் மரபணுவைக் கொடுத்து ‘வடிவமைத்துப் பார்’ என்று சொன்ன துணிச்சல் பெரிது. பாதுகாப்பு விதிகளிலும் கண்டிப்பு உண்டு. இவற்றை மறுக்கவில்லை.

என் மறுப்பு அடித்தளத்தைப் பற்றியது. டாம் நைட் உருவாக்கிய ‘பயோபிரிக்’ முறையில் ஒவ்வொரு டிஎன்ஏ துண்டுக்கும் ஒரே மாதிரியான முனைகள் இருக்கும். எதையும் எதனோடும் இணைக்கலாம். ஆனால் முனைகள் பொருந்தினால் மட்டும் போதாது. சீட்டில் எழுதியிருக்கும் வேலையை அந்தத் துண்டு செய்தாக வேண்டும். இத்தகைய துண்டுகளைத் தொகுத்து வைக்கும் பொதுப் பதிவேட்டில் 20,000க்கும் மேற்பட்ட பாகங்கள் சேர்ந்துவிட்டன. பதிவேட்டுப் பாகங்களில் பல சரியாகச் சோதிக்கப்படாதவை என்று 2010இலேயே ‘நேச்சர்’ இதழ் எழுதியது.

சோம்பலால் வந்த குறையல்ல இது. போட்டியின் அமைப்பே இதை வளர்க்கிறது. சில மாதங்களுக்குள் வடிவமைத்து, குளோனிங் முடித்து, கணினி மாதிரி செய்து, நிதி திரட்டி, பள்ளிகளுக்குப் போய்ப் பேசி, குறித்த நாளுக்குள் இணையப் பக்கத்தையும் முடித்தாக வேண்டும். சோதனையை மூன்று முறை திரும்பச் செய்ய நேரம் எங்கே? மறு ஆண்டு மாணவர்களும் வேறு, திட்டமும் வேறு. பழைய பாகத்தை மேம்படுத்துவதைப் பதக்கத்துக்குக் கணக்கில் கொள்ளும் விதி இருந்தது உண்மைதான். ஆனால் மேடையில் கைதட்டல் வாங்குவது புதுக்கதைதான். எடுத்துக்காட்டாக, 2006இல் எடின்பரோ அணி, தண்ணீரில் ஆர்சனிக் இருந்தால் அமிலத்தன்மையை மாற்றிக் காட்டும் பாக்டீரியாவை உருவாக்கியது. வங்கதேசத்துக் குழாய்க்கிணறுகளை மனத்தில் வைத்த அருமையான எண்ணம். அங்குள்ள கிராமங்களில் அது இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. மரபணு மாற்றிய உயிரிகளுக்கான சட்டத் தடையும் அதற்கு ஒரு காரணம். என்றாலும், ஒரு பருவத்தோடு அணி கலைந்துவிட்டால் அந்தத் தடையோடு மல்லுக்கட்ட யார் மிஞ்சுவார்கள்?

வேறு வழி இல்லை என்று சொல்ல முடியாது. 2014 முதல் பல நாட்டு அணிகள் ஒரே ஒளிர்புரதப் பாகங்களைத் தத்தம் ஆய்வகத்தில் அளந்து ஒப்பிட்டன. இந்தப் போட்டியிலிருந்து வந்த மிகச் சிறந்த அறிவியல் என் கணக்கில் அதுதான். அதையோ ஓர் ஓரத்து வேலையாகவே வைத்திருந்தார்கள்.

அடுத்த பருவத்துக்கு அணி சேர்க்கும் வழிகாட்டிகளுக்கு ஒரு வேண்டுகோள். முதல் மாதத்தில் பதிவேட்டிலுள்ள ஒரு பழைய பாகத்தை உங்கள் மாணவர்கள் சோதித்துப் பார்க்கட்டும். அது வேலை செய்யாவிட்டால் அதையும் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.