இருக்கைக்கு அடியில் மந்தர ஸ்தாயி

சேக்காட்டிலிருந்து சி.டி.எச். சாலை வழியே ஆவடிக் கடைத்தெருவுக்கும், விசேஷ நாட்களில் குடும்பத்தோடு காஞ்சிபுரத்துக்கும் சென்று வரும் எங்கள் வேகன்ஆர் வண்டியின் டிக்கி 341 லிட்டர் கொள்ளளவே உடையதாதலால், அதில் 12 அங்குல சப்வூஃபர் பெட்டியை ஏற்றி, அரிசி மூட்டைக்கும் பிள்ளைகளின் பைகளுக்கும் இடமில்லாமற் செய்ய எனக்குச் சம்மதமில்லை. ஆயினும் இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிதார் தனி வழியே நடந்து செல்லும் அழகைக் கதவு ஸ்பீக்கர்கள் விழுங்கிவிடுவது நெடுநாளைய மனக்குறையாக இருந்தது.

அவ்வாத்தியத்தின் தடித்த தந்தி வினாடிக்கு ஏறக்குறைய 41 அதிர்வுகள் எழுப்புவது. அவ்வளவு தாழ்ந்த நாதத்தின் அலை எட்டு மீட்டருக்கும் மேல் நீளமுடையது. சுமார் 80 அதிர்வுகளுக்குக் கீழே ஒலி எத்திசையிலிருந்து வருகிறதென்று நம் செவி பிரித்தறிவதும் அரிது. ஆகவே சப்வூஃபர் டிக்கியில்தான் இருக்கவேண்டுமென்ற நியதி இல்லை.

ஸ்டெப்னியின் குழிவுக்குள் அமரும் ஜேபிஎல் பாஸ்ப்ரோ ஹப் மிகச் சாமர்த்தியமான அமைப்பே. எனினும் பங்க்சரான இரவில் அதையும் கழற்ற நேருமென்பதால், ஆம்ப்ளிஃபையரைத் தன்னுள்ளே அடக்கிய 8 அங்குல, 125 வாட் பாஸ்ப்ரோ எஸ்எல் சாதனத்தை வாங்கி, முன்னிருக்கைக்கு அடியிலிருந்த தட்டை எடுத்துவிட்டு அங்கே பொருத்தச் செய்தேன்.

முதலில் வேலை செய்தவர் ஸ்டீரியோவின் கம்பியிலிருந்தே மின்சாரம் எடுத்துவிட்டார். சப்தத்தை உயர்த்தியவுடன் ஃப்யூஸ் போயிற்று. பேட்டரியிலிருந்து தனியே தடித்த கம்பி, அதன் தொடக்கத்திலேயே ஒரு ஃப்யூஸ், வர்ணத்தைச் சுரண்டிய வெற்று இரும்பில் எர்த்: இம்மூன்றும் அமைந்த பிறகே சாதனத்தின் உண்மைக் குணம் வெளிப்பட்டது. 80 அதிர்வில் வடிகட்டியை நிறுத்தி, ஃபேஸ் பொத்தானை மாற்றிப் பார்த்தபோது, ஒரு நிலையில் மெலிந்திருந்த தவில் மறு நிலையில் சரீரம் பெற்றெழுந்தது. கண்ணாடி அதிரும் ஆரவாரத்தை விரும்புவோருக்கு இச்சிறு பெட்டி போதாது. அடிநாதம் தெளிவாகக் கேட்டால் போதுமென்பவருக்கு இதற்குமேல் அவசியமில்லை என்பது என் அபிப்பிராயம்.

எனக்குள்ள கவலையெல்லாம் தண்ணீரைப் பற்றியதே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் பக்கத்து வீதிகள் வெள்ளத்தில் நின்ற நிலையைக் கண்டவர் எவரும், வண்டியின் தரையோடு ஒட்டி மின்சாதனம் வைக்கத் தயங்கவே செய்வர். அதனாலேயே அதைத் திருகாணியால் இறுக்காமல் இரண்டு பட்டைகளால் கட்டி, கம்பிகளைச் சொருகியில் முடித்திருக்கிறேன். ஐப்பசி பிறந்து மழை வலுக்கும் நாளில் ஐந்து நிமிஷத்தில் கழற்றி வீட்டு அலமாரியில் வைத்துவிடலாம்.