‘அந்திம காலம்’ காட்டும் குடும்பமும் நோயும்

குடும்பத்தைப் பாடுபொருளாகக் கொள்ளாத மலேசியத் தமிழ் நாவல் அரிது. ஆயினும், குடும்பத்தின் வடிவம் மாறும்போது அதில் வாழ்வோரின் உடல்நலம் என்னவாகிறது என்று கேட்ட நாவல்கள் மிகச் சிலவே. ரெ. கார்த்திகேசுவின் ‘அந்திம காலம்’ (1998) அச்சிலவற்றுள் குறிப்பிடத்தக்கது.

முதியவர் சுந்தரம் புற்றுநோய்க்கு ஆளாகிறார். மணவாழ்வு முறிந்த மகளின் சிறுவன் தாத்தா பாட்டியின் பொறுப்பில் வளர்கிறான். அவனையும் இரத்தப் புற்றுநோய் பற்றுகிறது. வாழ்வின் இரு முனைகளிலும் நோய்; நடுவே நின்று தாங்க வேண்டிய தலைமுறையோ சிதறிக் கிடக்கிறது.

‘குடும்பம் குலைந்தது, நோய் புகுந்தது’ என்று தீர்ப்புரைக்க இக்கதை எளிதில் இடம் தரும். அது பிழையான வாசிப்பாகும். மணமுறிவு புற்றுநோயைத் தருவதில்லை; நோயாளியின் அருகே யார் இருப்பார் என்பதையே அது மாற்றுகிறது. நாவலின் வலிமை இங்குதான் உள்ளது.

குறையும் உண்டு. கதை சுந்தரத்தின் மனவழியே நகர்வதால், கணவனையும் பேரனையும் ஒருங்கே பேணும் மனைவியின் களைப்பு அவர் கண்ட அளவிலேயே நமக்குக் கிட்டுகிறது. தாங்குபவளின் உடல் என்ன ஆயிற்று என்ற வினா எழவேயில்லை.

மேலும், இது நகர நடுத்தரக் குடும்பத்தின் கதை. கேமரன் மலையில் கியா பார்மைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் அவ்வினா வேறு வடிவம் கொள்கிறது. முன்னாளில் தாய் கொழுந்து பறிக்கப் போனால் குழந்தையை ஆயாக்கொட்டகை ஏற்றது. காய்ச்சல் என்றால் அடுத்த வீட்டுப் பெரியம்மா வந்து நின்றார். அவ்வாழ்வைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. லயத்தின் நெருக்கடியில் பெண்களே முதலில் நலிந்தனர். இன்று இளையோர் பலர் ஈப்போவிற்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டனர். கொழுந்து பறிப்போருள் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்.

2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியரில் வயது வந்தோருள் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டு. நாட்டின் சராசரி 18.3. நீரிழிவு ஒருநாள் நோயன்று. சிறுவயது உணவில் வேர்விட்டு, நடுவயதில் வெளிப்பட்டு, முதுமையில் காலைப் பறிக்கும் நோய் அது. நாள்தோறும் மருந்தை நினைவூட்டவும், உணர்விழந்த உள்ளங்காலின் புண்ணைக் கண்டு சொல்லவும் வீட்டில் ஒருவர் வேண்டும். மலையில் தனித்திருக்கும் கைம்பெண்ணின் உள்ளங்காலை யார் பார்ப்பது?

பழைய குடும்பத்தை எண்ணிக் கண்ணீர் விடும் கதைகள் நம்மிடம் போதிய அளவு உள்ளன. மாறிய குடும்பத்தில் பராமரிப்பு எவர் தோளில் விழுகிறது என்று காட்டும் நாவல் மலைத்தோட்டத்திலிருந்து எழ வேண்டும். ‘அந்திம காலம்’ அதற்கு வழி திறந்திருக்கிறது.