ஒளிப்படத்தில் கூற்றும் கேட்போரும்: எம். பழனி குமாரின் படங்களை முன்வைத்து

முன்னுரை

தாராவித் தமிழரைத் தமிழுலகம் பெரிதும் பிறர் ஆக்கிய காட்சிகள் வழியே அறிந்துள்ளது. 'நாயகன்' (1987) காட்டிய தாராவி, பெருமளவு சென்னை வீனஸ் படப்பிடிப்பு நிலையத்தில் தோட்டா தரணி அமைத்த அரங்கமே. ஒரு சமூகம் தன்னைத் தானே படமெடுக்கும்போது நேரும் மாற்றத்தை மதுரைக் கலைஞர் எம். பழனி குமாரின் ஒளிப்படங்கள் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. அவற்றுட் பல, 2014இல் மும்பையிலிருந்து தொடங்கப்பெற்ற 'பாரி' இணைய ஆவணகத்தில் வெளிவந்தவை.

கூற்று

தொல்காப்பியச் செய்யுளியல் கூற்று, கேட்போர் என்பவற்றைச் செய்யுளுறுப்புகளாக எண்ணும். ஒளிப்படத்திற்கும் இவை பொருந்தும். அமெரிக்கரான எட்வர்ட் கர்ட்டிஸ், 1910 அளவில் எடுத்த பழங்குடியினர் குடிலின் படத்திலிருந்து கடிகாரத்தை அழித்தார். அவருக்குத் தொன்மை மட்டுமே வேண்டியிருந்தது. கனடாவின் டெஸ்லின் ஊரினரான திலிங்கித் இனத்து ஜார்ஜ் ஜான்ஸ்டனோ, 1928இல் சாலையற்ற தம் ஊருக்கு மகிழுந்தை வரவழைத்து, அதனையும் உறவினரின் வேட்டையோடு சேர்த்துப் படமாக்கினார். முன்னது அயலார் கூற்று, பின்னது தன்கூற்று.

மீன் விற்ற தம் தாயின் உழைப்பைப் பதிவுசெய்த பழனி குமாரின் படங்களும் தன்கூற்றாகவே தொடங்குகின்றன. 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளரும் அவரே.

கேட்போர்

படமெடுப்பவரின் பிறப்பு ஒன்றே படத்தின் உண்மைக்குச் சான்றாகும் என்பாருளர். அது முழுதும் ஏற்கத்தக்கதன்று. ஜான்ஸ்டனின் படங்களை முதலில் கண்டோர் அவற்றில் இருந்தோரே. மலக்குழியில் இறந்தோரின் குடும்பத்தினரைப் பழனி குமார் காட்டும் படங்களுக்கோ கேட்போர் பெரும்பாலும் புறத்தார். எனவே துயருறுவோர் மனிதராக அன்றிச் சான்றுப்பொருளாகவே காணப்படும் இடர் அங்குண்டு. எண்ணூர்ப் பகுதியில் கூடையைப் பல்லால் கவ்வியபடி நீருள் கைகளால் இறால் துழாவும் இருளர் பெண்டிரின் படங்களில் இவ்விடர் குறைகிறது. அங்கு வறுமைக்கு முன்பாகத் தொழில்நுட்பம் கண்ணிற் படுகிறது. இரக்கத்திற்கு முன்பாக மதிப்புப் பிறக்கிறது. உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கு அவர் ஒளிப்படக்கலை கற்பிப்பது இதன் அடுத்த படி. அங்குப் படுபொருளாயிருந்தோர் கூற்றுக்கு உரியோர் ஆகின்றனர்.

முடிவுரை

தாராவியிலும் இத்தகு தன்கூற்றுகள் வீட்டுச் சுவர்களிலும் திருமணத் தொகுப்புகளிலும் உள்ளன. அவற்றை ஆவணமாகக் கருதும் வழக்கம் நம் ஆய்வுலகில் வேரூன்றவில்லை. 2022இல் ஒப்பந்தப்புள்ளி முடிவான மறுசீரமைப்புத் திட்டத்தால் அவ்வீடுகள் இடம்பெயரும் நிலையில் உள்ளன. படத்திலுள்ளோரின் பெயரையும் உறவையும் சொல்லவல்ல முதியோர் வாழும் காலத்திலேயே, அவர்தம் இசைவுடன் இவற்றைப் படியெடுத்துத் தொகுத்தல் தமிழ்த்துறைகளின் கடமையாகும்.