சிக்கனமும் செலவும்: ‘நிலக்கரி வினா’ பற்றிய ஒரு திறனாய்வு

குறைந்த பொருளைக் கொண்டு நிறைந்த வேலை செய்தால் பொருள் மிஞ்சும் என்பது ஆசிரியராகிய நாம் மாணாக்கருக்கு நாள்தோறும் கூறும் பாடம். இப்பாடம் ஒரு வீட்டிற்குப் பொருந்தலாம். ஒரு நாட்டின் தொழிலுக்குப் பொருந்துமா? பொருந்தாது என்று துணிந்து கூறிய நூல் ‘நிலக்கரி வினா’. 1865-ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டபோது, ஆங்கில அறிஞர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்சுக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை.

நூலின் உயிர்நிலை ஏழாம் அதிகாரம். சிக்கனமான எந்திரம் வந்தால் நிலக்கரி மிஞ்சும் என்பதைக் கருத்துக் குழப்பம் என்கிறார் ஜெவன்ஸ். நியூக்கோமனின் நீராவி எந்திரம் நிலக்கரியை வாரி விழுங்கியது. ஆகவே பெரும்பாலும் சுரங்கத்தில் நீர் இறைக்கும் வேலையோடு நின்றது. ஜேம்ஸ் வாட் அதனைத் திருத்தி எரிபொருட் செலவைப் பெரிதும் குறைத்தார். விளைவு யாது? முன்பு கட்டுபடியாகாத ஆலைகளும் எந்திரத்தை வாங்கத் தொடங்கின. ஓர் எந்திரம் உண்டது குறைந்தது. உண்ணும் எந்திரங்கள் பெருகின.

இதனினும் வலிய சான்று ஸ்காட்லாந்தின் இரும்பு உலைகள். 1828-இல் நீல்சன் கண்ட வெப்பக்காற்று முறையால், ஒரு டன் இரும்புக்கு வேண்டிய நிலக்கரி மூன்றில் ஒரு பங்கிற்கும் கீழே இறங்கிற்று. ஆயினும், 1830-க்கும் 1863-க்கும் இடையே அங்கே எரிந்த மொத்த நிலக்கரி பத்து மடங்காயிற்று என்று ஜெவன்ஸ் காட்டுகிறார். கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம்: இரும்பு உற்பத்தி முப்பது மடங்கிற்கு மேல் பெருகியிருக்க வேண்டும். சிக்கனம் விலையைக் குறைத்தது. குறைந்த விலை தேவையை வளர்த்தது.

நூலில் குறையும் உண்டு. ஆண்டுக்கு 3.5 விழுக்காடு வளர்ச்சி தொடர்ந்தால் 1961-இல் பிரிட்டனுக்கு 260 கோடி டன் வேண்டும் என்று கணக்கிட்டார். அது நடவாது என்று காட்டவே அக்கணக்கு எனினும், நிலக்கரிக்கு ஏற்ற மாற்று இல்லை என அவர் எண்ணியது பிழையாயிற்று. பிரிட்டனின் உற்பத்தி 1913-இல் ஏறத்தாழ 29 கோடி டன்னோடு உச்சமடைந்தது. அங்கே கடைசி நிலக்கரி மின்நிலையமும் 2024-இல் மூடப்பட்டது.

மற்றொரு பிழை ஜெவன்சினுடையதன்று. அவரை மேற்கோள் காட்டிச் ‘சிக்கனம் வீண்’ என்போருடையது. வீட்டில் எரிக்கும் நிலக்கரியை அவர் தம் வாதத்திலிருந்து விலக்கியே வைத்தார். மின்செலவு குறைந்த குளிர்பெட்டி வந்ததென்று எவரும் நான்கு வாங்கி வைப்பதில்லை. தேவை நிறைந்த இடத்தில் மிச்சம் மிச்சமாகவே நிற்கும். நிறையாத இடத்தில் புதுத் தேவை அதனை விழுங்கும்.

எம் தோட்டப் பள்ளியில் குழல் விளக்குகளை நீக்கி எல்.இ.டி. விளக்குகள் பொருத்தினோம். கட்டணம் இறங்கிற்று. பின்னர் மண்டபத்திற்கும் வாயிலுக்கும் புதிய விளக்குகள் வந்தன. ‘இது அதிகம் இழுக்காது’ என்று அணைக்காமல் செல்வதும் பழக்கமாயிற்று. யானும் அவ்வாறு சென்றதுண்டு.

ஆகவே, மாணாக்கருக்குச் சிக்கனத்தைக் கற்பிப்பதை விட வேண்டா. அதனோடு அளவையும் சேர்த்துக் கற்பிப்போம். நாட்டிற்காயின் அவ்வளவு வரியாகவோ வரம்பாகவோ அமைதல் வேண்டும். பள்ளிக்கு, விளக்கை அணைக்கும் பழக்கமே போதும்.