ஒரு சொல்லின் ஏற்றமும் இறக்கமும்

மாந்தர்க்கு உள்ளது போலவே சொற்களுக்கும் வாழ்வும் தாழ்வும் உண்டு. நாடுதோறும் காலந்தோறும் அவை வேறுவேறு கோலம் கொள்ளும். இதனை உணராது, ஒரு சொல்லுக்கு ஒரு பொருளே உண்டெனக் கொண்டு மொழிபெயர்ப்போரும் கற்பிப்போரும் இடர்ப்படுவர். நாள்தோறும் வழங்கும் 'பேண்ட்ஸ்' என்னும் ஆங்கிலச் சொல் இதற்குத் தக்க சான்றாகும்.

இச்சொல்லின் வேர் இங்கிலாந்தில் இல்லை, இத்தாலியில் உள்ளது. மருத்துவராய் வாழ்ந்து சமயத்திற்காக உயிர்நீத்த பந்தலேயோன் என்னும் புனிதரின் பெயர் வெனிசு நகரத்தாரிடையே பெருவழக்காய் இருந்தது. 'முற்றிலும் சிங்கம் போன்றவன்' என்பது அக்கிரேக்கப் பெயரின் பொருள். 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் தழைத்த முகமூடி நகைச்சுவை நாடகங்களில், வெனிசு வணிகனாக வரும் கஞ்சக் கிழவனுக்குப் 'பந்தலோனே' என்று பெயரிட்டனர். காலை இறுகப் பற்றிய சிவப்பு உடை அவனுக்குரிய அடையாளம். நாளடைவில் அவன் பெயரே அவ்வுடைக்கும் பெயராயிற்று.

இம்மாற்றம் தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பியரே ஆகுபெயர்க்கு இலக்கணம் வகுத்துள்ளார். கலிங்க நாட்டிலிருந்து வந்த துணி 'கலிங்கம்' எனப் பெற்று, பின்னர்ப் பொதுவாக ஆடையையே குறித்தது. அங்கே நாட்டின் பெயர் ஆடைக்கு ஆயிற்று. இங்கே உடுத்தியவன் பெயர் உடைக்கு ஆயிற்று.

1623இல் அச்சேறிய ஷேக்ஸ்பியரின் 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தில், மனித வாழ்வின் ஏழு பருவங்களைக் கூறுமிடத்து, ஆறாம் பருவத்தில் 'பேண்டலூன்' என்னும் சொல் வருகிறது. அது ஆண்டு உடையைக் குறிக்கவில்லை. முதுமையுற்ற கிழவனையே குறிக்கிறது. வேர் அறியாதவர் அதனைக் 'காற்சட்டை' என்று பெயர்த்தால் பொருள் முழுதும் சிதையும்.

1789இல் எழுந்த பிரெஞ்சுப் புரட்சியில் இவ்வுடை அரசியல் பொருளும் பெற்றது. உயர்குடியினர் முழங்கால் அளவான உடை அணிந்தனர். உழைப்பாளிகளோ நீண்ட 'பந்தலோன்' அணிந்தனர். முழங்கால் உடை இல்லாதவர் என்னும் பெயரே புரட்சியாளர்க்குரிய பட்டமாயிற்று. நாடக மேடையில் நகைப்பிற்கு இடமான உடை, உரிமைப் போரின் சின்னமாக உயர்ந்தது.

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கர் 'பேண்டலூன்ஸ்' என்பதைப் 'பேண்ட்ஸ்' எனச் சுருக்கினர். கற்றோர் சிலர் அதனைக் கொச்சை என்று இகழ்ந்தும் சொல் நிலைத்துவிட்டது. அமெரிக்காவில் இன்றும் அது வெளியே உடுத்தும் நீண்ட காற்சட்டையையே குறிக்கும். பிரிட்டனிலோ பெரும்பாலும் உள்ளாடையைக் குறிக்கும்; அங்குள்ள இளையோர் பேச்சில், 'பயனற்றது' என்னும் இழிபொருளும் அதற்கு ஏற்பட்டது. நறுமணத்தையும் குறித்த 'நாற்றம்' இன்று தீய மணத்தை மட்டும் குறிப்பது போன்ற இழிபு இது. சிங்கத்தின் பெயர் உள்ளாடைக்கு வந்து சேர்ந்தது!

ஆங்கிலப் புதினங்களைத் தமிழாக்குவோர் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிரிட்டானியக் கதையில் ஒருவன் 'பேண்ட்ஸ்' மட்டும் அணிந்து வாயிலில் நிற்கின்றான் என வைத்துக்கொள்வோம். அதனைக் 'காற்சட்டை அணிந்து நின்றான்' என்று பெயர்த்தால், அவன் நாணமும் நகைச்சுவையும் ஒருங்கே அழிந்துபோகும். நூலாசிரியரின் நாடும் காலமும் அறிந்த பின்னரே சொல்லைத் தேர்தல் வேண்டும். அகராதி வழிகாட்டுமே அன்றி, முடிவு கூறாது.

இந்நெறி தமிழ் வகுப்பறைக்கும் பொருந்தும். மலேசியத் தமிழர் பேச்சில் வழங்கும் 'சிலுவார்', மலாய் மொழி தந்தது. அம்மலாய்ச் சொல் பாரசீகத்துச் 'சல்வார்' என்பதன் இனம். இலங்கைத் தமிழர் கூறும் 'களிசான்' போர்த்துக்கீசியம் தந்தது. கட்டுரையில் 'சிலுவார்' என்று எழுதும் மாணவனுக்குக் 'காற்சட்டை' என்னும் சொல்லைக் கற்பிப்பது ஆசிரியர் கடன். ஆயினும், வெறும் கொச்சையென்று சிவப்பு மையால் அடித்துவிட்டு அமைதல் போதாது. அச்சொல் வந்த வழியையும் கூறினால், மாணவன் தன் வீட்டு மொழியை நாணாமலே செந்தமிழைக் கற்பான்.