எமது கவிதைகளில் உவமையும் உருவகமும்: சில குறிப்புகள்

கடந்த சில வருடங்களாகக் கிழக்கிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் வெளிவரும் எம்மவர் கவிதைத் தொகுதிகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். ஆர்வத்துக்கு அவற்றில் குறைவில்லை. ஆயினும் உவமையும் உருவகமும் கையாளப்படும் முறையில் ஒரு தளர்ச்சி காணப்படுகிறது. அது பற்றிய சில கருத்துக்களை முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். தனிப்பட்ட எவரையும் குறை கூறுவதல்ல.

இத்தளர்ச்சிக்கு வகுப்பறையும் ஒரு காரணம். நான் ஆசிரியர் கலாசாலையில் பயின்ற காலத்திலும் சரி, இன்று நான் கற்பிக்கும்போதும் சரி, அணியிலக்கணம் பெரும்பாலும் ஒரு பெயர்ப் பட்டியலாகவே இருக்கிறது. தண்டியலங்காரம் கூறும் பொருளணிகள் 35. உவமானம் எது, உவமேயம் எது, உவமை உருபு எது என்று கோடிட்டு மாணவன் புள்ளி பெற்றுவிடுகிறான். இந்த உவமை இங்கு ஏன் வந்தது, இது இல்லாவிட்டால் எது எமக்குத் தெரியாமல் போயிருக்கும் என்ற கேள்வி எழுவதில்லை. ‘அணி’ என்ற சொல்லும் எம்மைத் திசை திருப்பிவிடுகிறது. நகையைப் போல வேண்டும்போது பூட்டலாம், வேண்டாதபோது கழற்றலாம் என்று எண்ணிவிடுகிறோம்.

தொல்காப்பியர் அப்படி நோக்கவில்லை. உவமை பிறக்கும் இடங்களாக வினை, பயன், மெய், உரு ஆகிய நான்கை உவமவியலில் அவர் வகுத்தார். புலி போலப் பாய்ந்தான் என்றால் ஒப்பு செயலில் இருக்கிறது. மழை போலக் கொடுப்பவர் என்றால் பயனில் இருக்கிறது. துடி போன்ற இடை வடிவையும், பவளம் போன்ற வாய் நிறத்தையும் பற்றியவை. எம்மவர் பலர் வடிவோடும் நிறத்தோடும் நின்றுவிடுகின்றனர். செயலிலும் பயனிலும் பொருந்துகிறதா என்று பார்ப்பதில்லை.

ஓர் உதாரணம். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டது பற்றிய கவிதைகளில் ‘வேரோடு பிடுங்கப்பட்ட மரம்’ திரும்பத் திரும்ப வருகிறது. துயரம் பெரிது என்பதை அது சொல்கிறது. எத்தகைய துயரம் என்பதைச் சொல்லவில்லை. பிடுங்கிய மரம் பட்டுப்போகும். யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு மணி நேர அவகாசத்தில் துரத்தப்பட்ட மக்கள் பட்டுப்போகவில்லை. புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் பிள்ளை பெற்றார்கள், தோட்டங்களில் கூலி வேலை செய்தார்கள். 2009இல் யுத்தம் முடிந்த பின்னரும் திரும்புவதா, இருப்பதா என்று தவித்தார்கள். பிடுங்கியவர் நடாமல் வரம்பிலே போட்டுச் சென்ற நாற்றுமுடி என்று ஒருவர் எழுதியிருந்தால் அந்தத் தவிப்பு புலப்பட்டிருக்கும். நாற்று பிடுங்கப்படுவதே நடப்படுவதற்காகத்தானே!

அடுத்தது தூரத்து உவமைகள். எம்.ஏ. நுஃமானின் ‘பாலஸ்தீனக் கவிதைகள்’ 1981இல் வெளிவந்தது. ஈழத்துக் கவிதைக்கு அது செய்த உதவி பெரிது. ஆனால் அதன் பின் ஒலிவ மரங்கள் எமது கவிதைகளிலும் முளைத்துவிட்டன. பலஸ்தீனக் கவிஞனுக்கு ஒலிவம் குறியீடாவதற்கு முன் வீட்டு முற்றத்து மரம். அவனது எண்ணெயும் வருமானமும் அதிலேதான். எமக்கோ அது அச்சில் கண்ட ஒரு சொல். எமது தென்னையும் கரைவலையும் வட்டை வெளியும் கச்சான் காற்றும் இன்னும் எழுதப்படாமல் கிடக்கின்றன.

உமறுப்புலவரை இங்கு நினைவு கூர்வது பொருந்தும். சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில் அரபு நாட்டில் மழை பெய்து, ஆறு பெருகி, வயல் விளைகிறது. பாலைவனத்தில் வயலா என்று நகைப்பவர்கள் உண்டு. காப்பிய மரபு அதைக் கேட்டது என்பது ஒருபுறமிருக்க, எட்டாத நாட்டைத் தமிழ்க் காதுக்கு எட்ட வைக்கத் தமிழ் நிலமே அவருக்கு உதவியது. அவர் தூரத்தை அருகே கொண்டு வந்தார். நாமோ அருகில் இருப்பதைத் தூரத்துக்கு அனுப்புகிறோம்.

இவற்றிலும் பாரதூரமான ஒரு விடயம் உண்டு. மொழியின் இவ்வகை வழக்குகள் காட்டுவதோடு மறைக்கவும் செய்யும். ‘பள்ளி முடிவெடுத்தது’ என்கிறோம். இடவாகுபெயர். சுவர்களா முடிவெடுத்தன? முடிவெடுத்த நான்கு பேரின் பெயரை அந்த ஆகுபெயர் பத்திரமாக மூடிவிடுகிறது. ‘கலவரம் வெடித்தது’ என்று பத்திரிகை எழுதுகிறது. பட்டாசும் எரிமலையும் வெடிக்கும். கலவரத்தை ஆட்கள் திட்டமிடுகிறார்கள், ஆட்கள் தீ வைக்கிறார்கள். தேய்ந்துபோன அந்த உருவகம் செய்தவனை வாக்கியத்திலிருந்தே நீக்கிவிடுகிறது. கவிஞனும் அதையே எழுதினால் பத்திரிகைக்கும் கவிதைக்கும் என்ன வித்தியாசம்?

இதன் மறுபக்கத்தை 2004 டிசம்பர் 26க்குப் பின் கண்டோம். எமது கரையோரக் கவிதைகளில் கடல் ஒரே நாளில் அரக்கியாயிற்று. குற்றவாளி இல்லாத இடத்தில் உருவகம் ஒரு குற்றவாளியைப் படைத்துக்கொண்டது. இதற்கிடையே தெற்கு, மேற்குக் கரைகளில் 100 மீற்றரும், வடக்கு, கிழக்குக் கரைகளில் 200 மீற்றரும் கட்டடத் தடை வலயமாக அறிவிக்கப்பட்டன. இருந்த காணியில் வீடு கட்ட முடியாமல் மக்கள் தற்காலிகக் கொட்டில்களில் காத்திருந்தார்கள். கடலைத் திட்டிய பல கவிதைகளில் இக்காத்திருப்பு பற்றி ஒரு வரியும் இல்லை. அப்போது எனது வகுப்பு மாணவி ஒருத்தி, அலை வந்து உம்மாவின் அரிசிப் பானையைத் திறந்து பார்த்துவிட்டுப் போயிற்று என்று கட்டுரையில் எழுதியிருந்தாள். அரக்கி இல்லை, ஓலம் இல்லை. வெறுமையான ஒரு வீடு முழுவதும் அதில் தெரிந்தது.

உருவகம் செய்தவனைக் காட்டவும் முடியும் என்பதற்கு நுஃமானின் ‘புத்தரின் படுகொலை’ நல்ல சான்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதைப் பற்றிய கவிதை அது. புத்தகங்கள் எரிந்ததற்காகக் கவிஞர் அழவில்லை. கனவில் புத்தர் சுட்டுக் கொல்லப்படுகிறார். கொன்றவர்கள் சீருடையில்லாத அரச காவலர்கள். இரவில் வரும் அமைச்சர்களுக்கோ பட்டியலில் இல்லாத பெயர் இதில் எப்படி வந்தது என்பதே கவலை. எரித்தவர்கள் யாருடைய பெயரால் எரித்தார்களோ அவரையே எரித்தார்கள் என்ற உண்மையை விளக்கவுரையின்றி அந்த ஒற்றை உருவகம் சொல்லிவிடுகிறது. இங்கே உருவகத்தைக் கழற்றி எடுத்தால் கவிதையே இல்லை. இதை நகை என்று எப்படிக் கூறுவது?

இளம் கவிஞர்களிடமும் என் சக ஆசிரியர்களிடமும் கேட்டுக்கொள்வது இதுதான். அணியின் பெயரைக் கேட்பதோடு நின்றுவிடாமல், இந்த ஒப்பு எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று வகுப்பில் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்போம். எழுதும்போதும் அதே கேள்வியைக் கேட்போம். மறைப்பதை அறிந்தும் எழுதினால் அது கவிஞனின் தெரிவு. அறியாமல் எழுதினால், மறைத்தவர்களுக்கு நாம் உதவி செய்தவர்களாகிவிடுவோம்.